எஸ்தர் டீச்சர் கேட்ட விலை

ரேஷன் கடையில் எனக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எஸ்தர் டீச்சரின் மருமகள். "அக்கா, அத்தை போயிட்டாங்கக்கா. காலையில காப்பி குடிச்சிட்டு வேதம் வாசிச்சாங்க. வாசிச்சவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "காப்பி முழுசாக் குடிச்சாங்களா?" என்று கேட்டேன். "குடிச்சாங்கக்கா" என்று அழுதாள். கடைக்காரர், "பையப் புடிம்மா, பின்னால ஆளு நிக்கிது" என்று அதட்டினார். பிடித்தேன். அரிசி விழுந்தது. பையின் கனம் கைக்கு வந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்த அரிசியில் ஒரு பங்கு டீச்சருக்காக வாங்கியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சத்துணவுப் பணியாளர்கள் சேர்ந்து டீச்சருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். கூட வேலை பார்த்தவள் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்னதில் கை வைக்க வேண்டாம்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் சத்துணவு அமைப்பாளர். வகுப்பு எடுத்தவர் இல்லை. ஆனாலும் ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. என் பேர் சரோஜா, நான் அவருக்குக் கீழே உதவியாளர். சமைப்பவருக்கான இடத்தை வருஷக்கணக்கில் நிரப்பாமலே வைத்திருந்ததால் அடுப்பும் என் பொறுப்புதான். டீச்சர் லுத்தரன் கோயில் தெருவிலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவருக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது. "இவ கண்ண மூடி ஜெபம் பண்ணுனாக்கூட மெயின் ரோட்டுல பஸ் நின்னுடும்" என்று அவர் வீட்டுக்காரரே கேலி செய்வார். டீச்சர் அதற்கும் சத்தமாகத்தான் சிரிப்பார்.

அந்தக் குரலை நான் முதலில் சரியாகக் கேட்டது ஒரு மதிய வேளையில். ஊரில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் ஏதோ வேலையாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "ஓசிச் சோறுன்னா கூட்டத்தப் பாரு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, வாய் அப்படி. டீச்சர் முட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அண்ணே, ஓசின்னா யாரும் கைய வைக்காம வந்ததுன்னு அர்த்தம். இந்தா நிக்கிறா பாருங்க சரோஜா, விடிஞ்சதுலேர்ந்து ஈர வெறக ஊதி ஊதி மூஞ்சி வீங்கிப் போயி. இது ஓசியான்னு அவகிட்ட கேளுங்க."

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

"நீங்க விக்கிற உரத்துக்கு அரசாங்கம் மானியம் குடுக்குது. நாங்க ஒரு பேச்சுக்குக்கூட அத ஓசி உரம்னு சொன்னதில்லியே அண்ணே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு கூடை கத்தரிக்காய் அனுப்பியிருந்தார். கோபத்தில் அனுப்பினாரா வெட்கத்தில் அனுப்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது. சாம்பார் நன்றாக இருந்தது.

இனி என் வீட்டுச் சங்கதி. டீச்சரைப் பற்றிச் சொல்ல வந்தவள் என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது அந்த வீட்டு விஷயத்தில்தான்.

அப்போது நாங்கள் இருந்தது வாய்க்கால் கரையோரம், மண்சுவர் வைத்துக் கீற்று வேய்ந்த வீடு. ஐப்பசி பிறந்தால் மேற்குச் சுவர் ஊறி வயிறு தள்ளும். ஒரு வருஷம் அது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்பக்கமாக விழுந்தது. நல்லவேளை, பகல். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. அன்றிலிருந்து மழை பெய்யும்போதெல்லாம் நான் தூங்குவதில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள் அவை. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை என்றானபோது எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் வெளிநாடு வெளிநாடு என்று கிளம்பினார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு ஏஜெண்டை நம்பித் துபாய் போனார். சொன்ன வேலை அங்கே இல்லை. வருஷம் திரும்புவதற்குள் உடம்பு கருகி வந்து சேர்ந்தார். வந்தவர் பேசுவதைக் குறைத்துக் குடிப்பதைக் கூட்டினார். ஆனால் பேர் மட்டும் எங்களை விடவில்லை. கூரையில் ஓட்டை, சுவர் இல்லை, ஊருக்கு நாங்கள் துபாய் வீடு. "துபாய் வீட்டுக்காரி, வெறகு கெடைக்குமா?" என்று கேட்பார்கள்.

அந்த நேரத்தில்தான் ஏழைகள் பட்டியலைப் புதிதாக எடுக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தப் பட்டியலில் பேர் வந்தால் தொகுப்பு வீடு கிடைக்கும். அரசாங்கமே கான்கிரீட் கூரை போட்டுக் கட்டித் தரும் வீடு. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மழையில் என் பிள்ளைகளைப் படுக்கவைக்க விழாத ஒரு சுவர்.

அவர்கள் வீடு வீடாக வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் அடுப்படியில் இருந்தேன். வீட்டில் என் மாமியார். "என்ன அரிசிம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். என் மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பொன்னிதான். வேற அரிசி எங்களுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு வள்ளி ஓடிவந்து எனக்குச் சொன்னாள்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன என்னடி? வாசல்ல வந்து நிக்கிறவன்கிட்ட ரேஷன் அரிசி திங்கிறோம்னா சொல்லுவாங்க? சுத்தி நெல்லு வெளையிற ஊரு. வர்றவன் நம்மள என்னன்னு நெனைப்பான்?"

இது என் மாமியாருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. எங்கள் பக்கத்துக்கே உள்ளது. கூலி வாங்கினால் நெல்லாக வாங்கிப் பழகிய ஊர். ரேஷன் அரிசி என்று சொல்லும்போது மட்டும் எங்கள் குரல் தானாக இறங்கும். "கோழிக்கு வாங்குனேன்" என்போம். "இட்லிக்கு ஊறப்போட வாங்குனேன்" என்போம். நாலு வீட்டில் அது உண்மை. மீதி வீட்டில் அதுதான் மூன்று வேளையும். எங்கள் வீடு மீதியைச் சேர்ந்தது.

வள்ளிக்கு வேறு யோசனை இருந்தது. "போயி மாத்திச் சொல்லு. ஒண்ணுமே வரலன்னு சொல்லு. ரேஷனும் இல்ல, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சாப்புடறதும் இல்லன்னு சொல்லு."

"சமைக்கிறவளே நான்தானடி. என் பிள்ளைங்க சாப்புடலன்னு எப்படிச் சொல்றது?"

"ருசியா இல்லன்னு சொல்லேன்" என்றாள்.

மறுநாள் பட்டியல் எடுக்க வந்த அதிகாரி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு, கண்ணாடி, வெயிலில் அலைந்து களைத்த முகம். நான் முன்னால் போய் நின்றேன். மாமியார் சொன்னது தப்பு என்று சொன்னேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று திக்கினேன். அவர் டீச்சரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, இவங்க வீட்டுக்கு என்னென்ன வருது?" என்று கேட்டார். டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பொன்னியெல்லாம் இல்ல சார். ரேஷன் அரிசி மாசாமாசம் வாங்குறா. ரெண்டு பிள்ளையும் இங்க சாப்புடுது. முட்டை போடுற அன்னிக்கு முட்டை. சீருடை. பொங்கலுக்கு வேட்டி சேலை. இவ சம்பளம் உங்களுக்கே தெரியும். வேற ஒண்ணும் இல்ல."

அவர் எழுதினார். ரேஷன் அரிசியை வெளிக்கடை விலைக்குப் போட்டார். மதியச் சோற்றுக்கு ஒரு விலை, முட்டைக்கு ஒரு விலை, துணிக்கு ஒரு விலை. எல்லாவற்றையும் என் சம்பளத்தோடும் என் வீட்டுக்காரர் கூலியோடும் கூட்டினார். எங்கள் ஊருக்கு வந்தவர் இப்படிப் போட்டார். எல்லா ஊரிலும் இதுதான் முறையா என்று எனக்குத் தெரியாது. கூட்டி முடித்தபோது நாங்கள் வறுமைக் கோட்டுக்கு மேலே போய்விட்டோம். "உங்க பேரு வராதும்மா" என்றார். சாந்தமாகத்தான் சொன்னார். எங்களை ஏழை என்று நினைத்து அரிசி தருகிறார்கள். அந்த அரிசி வருவதால் நாங்கள் ஏழை இல்லை. 

அதற்கப்புறம் சில நாள் நான் டீச்சரோடு பேசவில்லை. ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு பேசாமல் இருப்பது லேசில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பு ஜாடியைப் பார்ப்பேன், அவர் நகர்த்துவார். சாமான்களைக் கொஞ்சம் ஓங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே கேட்டார்.

"என்மேல கோவமா?"

"இல்லிங்க."

"இல்லன்னா அந்த அண்டா மூடி என்ன பாவம் பண்ணுச்சு? அது அரசாங்க மூடி, நசுங்கினா நான் பதில் சொல்லணும்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என் தலைமேல ஒரு கூரை வந்திருக்கும்" என்றேன்.

"வந்திருக்கும்" என்றார். மறுக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "இப்ப எல்லாத்தையும் கொறைக்கணும், நிறுத்தணும்னு பேசுற காலம் சரோஜா. பேப்பர்ல தெனம் அதான் வருது. நாளைக்கு ஒருத்தன் இந்தச் சோத்த நிறுத்தணும்னு வருவான். இது யாருக்கும் போயிச் சேரல, அவங்களே வரலன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்கன்னு காட்டுவான். அப்ப நீ என்ன சொல்லுவ?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"என்ன வருதுன்னு சத்தமாச் சொல்லு. அப்பத்தான் என்ன வரலன்னு சத்தமாச் சொல்ல முடியும்."

"சொல்லித்தான பேரு போச்சு?"

"சொன்னதுல தப்பு இல்ல. அவரு போட்ட விலையிலதான் தப்பு. அத ஊர்க் கூட்டத்துல கேப்போம்" என்று எழுந்து போய்விட்டார்.

கூட்டம் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்தது. பட்டியலைப் படித்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். ஆண்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். அவர்கள் ஓயட்டும் என்று டீச்சர் காத்திருந்தார். ஓய்ந்ததும் எழுந்தார்.

"சார், ஆட்சேபணை அப்பறம். முன்ன இங்க இருக்கிற பொம்பளைங்ககிட்ட ஒரு விலை கேக்கணும், கேக்கலாமா?"

"கேளுங்க டீச்சர்."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த மாசம் உனக்கு வர்ற ரேஷன் அரிசிய நான் எடுத்துக்கிறேன். பதிலுக்குப் பணமாத் தர்றேன். எவ்வளவு குடுத்தா நீ சரிம்ப? தங்கம், நீ சொல்லு."

தங்கத்தின் வீட்டில் குத்தகை நிலம் உண்டு, பத்தாயம் காலியாகாது. "எனக்கா? கடை விலையில பாதி குடுங்க டீச்சர், கார்டையும் சேத்துக் குடுத்துடறேன். எங்க வீட்டுல அத மாடுதான் திங்கிது" என்றாள். அவள் புருஷன், "அடியே, ஆபீசர் உக்காந்திருக்காருடி!" என்று பல்லைக் கடித்தார். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார்.

வள்ளி, "கடை விலையில கொஞ்சம் கொறைச்சுக் குடுத்தாப் போதும். வாடை வருதுல்ல" என்றாள்.

"சரோஜா, நீ?"

"நான் தரமாட்டேங்க" என்றேன்.

"கடை விலையே தர்றேன்."

"வேணாங்க."

"கூட ஒரு பங்கு போட்டுத் தர்றேன்."

"எவ்வளவு போட்டாலும் வேணாம் டீச்சர். பணமா வந்தா அவரு சட்டைப் பைக்குப் போயிடும். அரிசியா வந்தாத்தான் என் பானைக்கு வரும். எம்புட்டுக் குடிச்சாலும் அரிசிப் பையத் தூக்கிக்கிட்டு தெருவுல நடக்க அவருக்குக் கூச்சமா இருக்கும்."

பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. சிலர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர், "ஊர்ல வச்சு மானத்த வாங்குறா பாரு" என்றார். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான பாப்பம்மா பெரியம்மா திரும்பாமலே, "இருந்தாத்தானடா வாங்குறதுக்கு" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், அப்ப இவங்களே சொல்ற கணக்குப்படி இவங்க அரிசிக்கு நான் கடை விலையவிட அதிகமால்ல போடணும்? இன்னும் மேல போயிடுவாங்களே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.  என் வாயாலேயே என் வீட்டை இடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டீச்சர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "அரிசி ஒண்ணுதான் சார். தங்கம் பாதி விலைக்குத் தர்றேங்கிறா, ஏன்னா வீட்டுல நெல்லு இருக்கு. சரோஜா எந்த விலைக்கும் தரமாட்டேங்கிறா, ஏன்னா அத விட்டா வேற இல்ல. எவ அதிகமா விலை சொல்றாளோ அவ பானைதான் காலி. நீங்க அந்த விலையக் கொண்டுபோயி வருமானத்துல கூட்டுறீங்க. கூட்டுனதும் காலிப் பானை நெறஞ்சிடுது. இன்னொண்ணும் இருக்கு. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிற நாளைக்கும் சேத்துச் சோத்துக்கு விலை போட்டிருக்கீங்க. சித்திரை வெயில்ல நான் எங்க சார் சோறு போட்டேன்?"

அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "லீவு நாள கழிக்கணும், சரிதான்" என்று திருத்தினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். நான் அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்து அவர் சொன்னதும் நியாயம்தான்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதே ஊருல பள்ளிக்கூடம் போற பிள்ளை இல்லாத வீடும் இருக்கு. அங்க அந்த மத்தியானச் சோறு கெடையாது. சரோஜாம்மா வீட்டுக்கு வர்றத எண்ணாம விட்டேன்னா, அந்த வீட்டுக்காரங்க என்னைக் கேக்க மாட்டாங்களா?"

டீச்சர் இதற்கும் ஏதாவது சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யோசித்தார். கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். பாப்பம்மா பெரியம்மாவிடம் கண் நின்றது. பெரியம்மாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வரப்பில் புல் அறுத்து விற்றுப் பிழைப்பவர். அவர் குடிசைக்கு நாலு பக்கமும் சுவர் என்று சொல்ல முடியாது.

"அது நியாயம் சார்" என்றார் டீச்சர். "பெரியம்மாவ முன்ன போடுங்க. சரோஜாவ அதுக்கு அடுத்தாப்பல."

எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. எனக்காகப் பேச எழுந்தவர் என்னைப் பின்னால் நகர்த்திவிட்டு உட்காருகிறார்.

பெரியம்மா வேறு, "எனக்கு எதுக்கு வீடு? நானே சாகப் போறவ" என்றார்.

"நனையாமச் சாவுங்க பெரியம்மா. அதுக்குத்தான் வீடு" என்றார் டீச்சர்.

ஊர் கை தூக்கியது. ஆட்சேபணை என்று எழுதி மேலே அனுப்பினார்கள். பட்டியல் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அதில் இருந்தோம். முதல் தவணை வீடு பெரியம்மாவுக்கு. எனக்கு அடுத்த தவணையில். இடையில் இன்னொரு மழைக்காலம் இருந்தது.

அந்த மழைக்காலத்தை நினைத்துத்தான் நான் பயந்தேன். ஆனால் முதல் மழை வலுத்த அன்றைக்குச் சாயங்காலமே பெரியம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "பிள்ளைங்களக் குடு. புது வீட்டுல தனியாப் படுக்க எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவர் எதற்கும் பயப்படுகிறவர் இல்லை. மழை பெய்த நாளெல்லாம் என் பிள்ளைகள் அந்தக் கான்கிரீட்டுக்குக் கீழேதான் தூங்கினார்கள். நானும் தூங்கினேன். டீச்சரிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கு அந்த சாரு என்ன விலை போடுவாரு கேளு!" என்றார்.

பெரியம்மா அந்த வீட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத்தான் போனார். நனையாமல்தான் போனார். என் வீடும் வந்தது. இதை எழுதிக்கொண்டிருப்பது அந்த வீட்டில்தான்.

காலம் போய்விட்டது. மாமியார் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. ஊருக்கெல்லாம் டிவி கொடுத்தார்கள், மிக்சி கொடுத்தார்கள். மூத்தவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். அவன் அப்பாவைப் போல ஏமாறாமல் பிழைத்துக்கொண்டான். ஒருநாள் டீச்சர் என்னைப் பார்க்க வந்திருந்த நேரத்தில் போன் பண்ணினான்.

"ஏம்மா, நான் இங்க சம்பாதிச்சு அனுப்புறேன், நீ இன்னும் ரேஷன் கடை வரிசையில நிக்கிறியாமே? எனக்கு மானக்கேடா இருக்கு."

அப்படியே அவன் பாட்டியின் பேச்சு. டீச்சர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "தம்பி, நான் எஸ்தர் பேசுறேன். நல்லா இருக்கியாப்பா? அரிசி வேணாம்னு ஒருநாள் உங்கம்மாவுக்கே தோணும். தோணுனா அவளே நிறுத்திடுவா. வேணுமா வேணாமான்னு சொல்ல வேண்டியது சாப்புடறவ. வெக்கப்படறவன் இல்ல. நீ அந்தச் சோறு சாப்ட்டுத்தான வளந்த? அத அங்க உன்கூட இருக்கிறவங்ககிட்டச் சொல்லிருக்கியா?"  "சொல்றேன் டீச்சர்" என்று சிரித்தான். சொன்னானா என்று தெரியாது. ஆனால் வரிசையில் நிற்பதைப் பற்றி அப்புறம் பேசியதில்லை.

ஓய்வு பெற்றபிறகு டீச்சர் தஞ்சாவூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மகனும் மருமகளும் அவரைத் தாங்கினார்கள். குறை என்று ஒன்றுதான் சொல்வார். "இங்க எல்லாம் பாக்கெட் மாவு சரோஜா. இட்லி வாயில ஒட்டுது. உன் வீட்டு ரேஷன் அரிசி இட்லிதான் இட்லி." ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் அன்றைக்கு வரிசையில் நின்றேன்.

செய்தி வந்ததும் அப்போதே பஸ் ஏறியிருப்பேன். மருமகள்தான், "நாத்தனார் வெளிநாட்டுலேர்ந்து வரணும்க்கா. அதுவரைக்கும் அத்தைய ஆஸ்பத்திரியில குளிர்ப்பெட்டியில வச்சிருக்காங்க. நாளைக் காலையில வீட்டுக்கு வந்துடுவாங்க, அப்ப வாங்க" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அரிசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஊறப்போட்டேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. வந்தவர்களுக்கு வெளியிலிருந்துதான் சாப்பாடு போகவேண்டும். அதை நான் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

காலையில் தூக்குவாளி நிறைய இட்லியோடு முதல் பஸ்ஸில் போனேன். முன்னறையில் டீச்சரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் வேதப்புத்தகம். அத்தனை அமைதியாக அவரை நான் பார்த்ததே இல்லை. என் அழுகை அடங்கியபிறகு பக்கத்து அறையில் வந்தவர்களுக்குப் பரிமாறினேன். எல்லாம் படித்த ஜனங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

எனக்கென்று டீச்சர் விட்டுப்போன பொருள் எதுவும் இல்லை. அவர் குடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மருமகள் சொன்னாள், நான் வாங்கவில்லை. நான் வைத்திருப்பது அவர் குரலை. ரேஷன் என்று சொல்லும்போது இறங்கிப்போகும் என் குரலுக்குப் பதிலாக அவர் எனக்குக் கொடுத்தது அது. எவ்வளவு கொடுத்தாலும் அதை நான் தரமாட்டேன்.

நல்ல சேலை கட்டிய வயதான ஒரு அம்மா, டீச்சரின் சொந்தக்காரர், இரண்டாவது இட்லியை வாங்கிக்கொண்டு, "பஞ்சு மாதிரி இருக்கேம்மா, எந்தக் கடை அரிசி?" என்று கேட்டார்.

"ரேஷன் அரிசிங்க" என்றேன். முன்னறை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.